இடது பக்கப் பெட்டி

எங்க வீட்டுக்கும் அவங்க வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர். அதுவும் ஒத்தக் கல் சுவர். அங்க மிளகா வறுத்தா இங்க எனக்குத் தும்மல் வரும். நான் தையல் மிஷினை வேகமா மிதிச்சா அங்க அலமாரியில டம்ளர் ஆடுதுன்னு அந்த வீட்டுக்காரி குறை சொல்லுவா. அதனால அந்த வீட்டுக் கதையை நான் ஒட்டுக் கேட்டேன்னு யாரும் சொல்லிட முடியாது. நான் கேக்கப் போகல, அதுவா வந்து என் காதுல விழுந்துச்சு.

தெருவுல அவரை லாரிக்காரர்னுதான் சொல்லுவாங்க. டைல்ஸ் குடோனுக்கு லாரி ஓட்டுறவர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு பைத்தியம் சினிமா. அதுவும் கதைக்காக இல்ல, சத்தத்துக்காக. தியேட்டர்ல மழை பெய்யுற கட்டம் வந்தா மனுஷன் அண்ணாந்து கூரையைப் பாப்பாராம். "இந்தாளோட சினிமாவுக்குப் போனா மானம் போகுதுக்கா, பின்னால குதிரை ஓடுச்சுன்னா திரும்பிப் பாக்குறாரு"ன்னு அவர் பொண்டாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. அவ ரொட்டிக் கம்பெனியில பாக்கெட் போடுறவ. ஒரே பொண்ணு, காலேஜ்ல படிக்குது.

லாரிக்காரர் பொண்டாட்டியோட கூடப் பொறந்த தம்பிதான் அந்த லாரிக்குக் கிளீனர். ரெண்டு சின்னப் பிள்ளைங்களுக்குத் தகப்பன். ஆனா மாமா மாமான்னு இன்னும் பின்னாலயே திரிவான். லாரியைப் பின்பக்கமா எடுத்து குடோன் மேடையில ஒட்ட வைக்கணும்னா கிளீனர் இறங்கி, இடது பக்கம் பின்னால நின்னு குரல் குடுக்கணும். "வரட்டும், வரட்டும்"னு சொல்லிக்கிட்டே இருப்பான். "போதும்"னு சொன்னா அந்த நொடியே வண்டி நிக்கணும். அந்த மூலை கண்ணாடியில பாதி தெரியும், பாதி தெரியாது. அங்க டிரைவருக்குக் காதுதான் கண்ணு.

மழை பிடிச்ச புதுசுல ஒரு நாள் காலையில அவருக்கு வீடே சுத்திடுச்சு. ஒரே வாந்தி. பித்தம்னு சொல்லிப் பொண்டாட்டி எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு குடுத்துப் படுக்க வச்சா. மறுநாளே எழுந்துட்டார். "இடது காது மட்டும் கொஞ்சம் அடைச்ச மாதிரி இருக்கு"ன்னார். மழையில நனைஞ்சவனுக்குக் காது அடைக்காம என்ன செய்யும்? உப்பை வறுத்து ஒத்தடம் குடுன்னு நானும் சொன்னேன். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுபோச்சு.

அந்த வாரம்தான் அவர் ரொம்ப நாளா ஆசைப்பட்ட ஆம்ப்ளிஃபயர் வீட்டுக்கு வந்துச்சு. ஹோம் தியேட்டராம். யாரோ வித்ததை வாங்கிப் புதுசு மாதிரி ஆக்கிக் குடுத்தவன் மெக்கானிக். அவனுக்கு 'ஈயம்'னுதான் பேரு. பெத்தவங்க வச்ச பேரு அவனுக்கே மறந்திருக்கும். கிட்ட வந்தாலே ஒயருக்கு ஈயப் பத்து வச்ச வாசனை அடிக்கும். நல்ல பையன், ஆனா பொய்யும் மெய்யும் அவன் வாயில ஒரே ருசி.

தைச்ச பாவாடையைக் குடுக்கப் போன நான் அங்கயே உக்காந்துட்டேன். முன்னால ரெண்டு பெட்டி, நடுவுல ஒண்ணு, நாற்காலிக்குப் பின்னால ரெண்டு, தரையில ஒரு குண்டுப் பெட்டி. பொண்ணோட கம்ப்யூட்டர்லேருந்து ஒரு பச்சை ஒயரை ஆம்ப்ளிஃபயர்ல சொருகி வச்சிருந்தார். பாட்டு முன்னால ரெண்டு பெட்டியில மட்டும் பாடுச்சு. மத்தது எல்லாம் கல்யாண வீட்டுல அழைக்காம வந்த விருந்தாளி மாதிரி சும்மா நின்னுச்சு.

"என்னப்பா ஈயம், ரெண்டு பெட்டிதான் பாடணும்னா நான் ரேடியோவே வச்சுக்குவேனே?"

"அண்ணே, இந்தப் பச்சை ஒயரு சின்னக் குழா. ரெண்டு பேருக்குத்தான் தண்ணி வரும். அஞ்சு பேருக்கும் வேணும்னா பெரிய குழா போடணும்." பையிலேருந்து டிவிக்குப் போடுற ஹெச்டிஎம்ஐ ஒயரை எடுத்து மாட்டினான். அப்பவும் ரெண்டுதான் பாடுச்சு.

"குழா பெருசாயிடுச்சு, தண்ணி எங்கடா?"ன்னேன் நான்.

"இரு அக்கா, அவசரப்படாத. வீட்டுல இத்தனை பேர் இருக்கோம்னு நாமதான கம்ப்யூட்டருக்குச் சொல்லணும்? பாப்பா, சவுண்டு செட்டிங்குக்குப் போ. ரெண்டுன்னு இருக்கும், அதை மாத்தி அஞ்சு புள்ளி ஒண்ணுன்னு வையி."

"அதென்ன புள்ளி ஒண்ணு?"ன்னு லாரிக்காரர் பொண்டாட்டி கேட்டா.

"தரையில கெடக்குல்ல குண்டுப் பெட்டி, அதுதான் அக்கா. எல்லாத்தையும் அதிர வைக்கிறது அதுதான். ஆனா அதை முழு ஆளாக் கூடக் கணக்குல சேக்க மாட்டாங்க, வெறும் புள்ளி."

"என்னை மாதிரின்னு சொல்லு"ன்னா அவ. எல்லாரும் சிரிச்சோம்.

பொண்ணு மாத்தினா. திரையில ஒரு அறை படம் வந்துச்சு, சுத்தி அஞ்சு குட்டிப் பெட்டி. சோதனைக்குன்னு ஒரு பொத்தானை அமுக்கினா, ஒவ்வொரு பெட்டியும் முறை வச்சு 'ஷ்ஷ்ஷ்'னு சத்தம் குடுத்துச்சு. இடது முன்னால, நடுவுல, வலது முன்னால, வலது பின்னால, இடது பின்னால. யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆளு அறையைச் சுத்தி நடந்து வந்த மாதிரி இருந்துச்சு. எனக்கே புல்லரிச்சுப்போச்சு.

நடு நாற்காலியில உக்காந்திருந்த லாரிக்காரர் மட்டும் சிரிக்கல.

"இடது பக்கம் சரியா வரலியேப்பா."

"வருதுண்ணே. இதோ கத்துதே!"

"இல்ல. எல்லாச் சத்தமும் வலது பக்கமே வந்து குவியுது."

ஈயம் இடது பெட்டியில காதை வச்சுப் பாத்தான். பெட்டியை இன்னும் கிட்ட இழுத்து வச்சான். அப்பவும் அவர் வரலன்னார். கடைசியா அவனுக்கு ஒரு யோசனை. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால போய் இடது ஒயரைக் கழட்டி வலது பெட்டிக்கும், வலது ஒயரை இடது பெட்டிக்கும் மாத்தி மாட்டினான். கோளாறு எந்தப் பக்கமோ அது இப்ப இடம் மாறணும். பொண்ணு பொத்தானை அமுக்கினா. திரையில இடது பெட்டி மின்னுது, சத்தம் எங்களுக்கு வலது பக்கம் வருது. எல்லாம் தலைகீழ்.

"இப்ப எப்படிண்ணே?"

"அதேதான். இடது பக்கம்தான் வரல."

ஈயம் ஒயரைக் கையில பிடிச்சபடியே நின்னான். அவரைப் பாத்தான், அப்புறம் அவர் பொண்டாட்டியைப் பாத்தான். அவ முகம் வெளுத்துடுச்சு. எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆச்சு. ஒயரை மாத்தினாலும் கோளாறு மாறலன்னா, கோளாறு ஒயர்லயும் இல்ல, பெட்டியிலயும் இல்ல.

"ஆம்ப்ளிஃபயர்ல இடது பக்கம் வீக்கா இருக்குண்ணே"ன்னான் ஈயம், குனிஞ்சு ஒயரைப் பழையபடி மாட்டிக்கிட்டே. "உள்ள ஒரு பார்ட் போயிருக்கு. சொல்லி வைக்கிறேன், வந்ததும் மாத்திடுவோம்."

"அதான பாத்தேன்"னார் அவர்.

அன்னைக்குச் சாயந்திரம் அவ என் வீட்டுக்கு வந்து தையல் மிஷின் பக்கத்துல உக்காந்துட்டா. மழை விட்டு விட்டுத் தூறிக்கிட்டிருந்துச்சு. துணி வெட்டுன துண்டை எடுத்து விரல்ல சுத்திச் சுத்திப் பிரிச்சா.

"அக்கா, அந்தப் பையன் பொய் சொல்றான்."

"தெரியும்."

"இவர் போனைக் கூட வலது காதுலதான் வைக்கிறாரு. அந்தப் பக்கம் சிக்னல் இல்லங்குறாரு. காதுக்கும் சிக்னலுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"ஏண்டி, அப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"போனா எழுதிக் குடுத்துடுவாங்க. லைசென்ஸ் போயிடும். கம்பெனியில வருஷா வருஷம் டாக்டர் வந்து பாப்பாரு, தெரிஞ்சுடும். இந்தாளுக்கு வேற என்னக்கா தெரியும்? ஸ்டீரிங்கை விட்டா இவரு கையை எங்க வச்சுக்குவாரு?"

"உன் தம்பிதானடி பின்னால நிக்கிறான்?"

அவ துண்டை விரல்ல இன்னும் இறுக்கிச் சுத்தினா. நான் விடல. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமாடின்னேன். முளைச்சு மூணு இலை விடட்டும், அப்புறம் பாக்கலாங்கிறதுக்கு இது என்ன தோட்டமான்னேன். துண்டைக் கீழ போட்டுட்டு, "அந்தப் பார்ட்டு வர்ற வரைக்கும் பாப்போம்கா"ன்னா. அவளுக்கே தெரியும், அப்படி ஒரு பார்ட்டே இல்லன்னு. இருந்தாலும் அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினா. அடைப்புதான, தானா விட்டுடும்னு ஒரு நப்பாசை.

அப்புறம் தினமும் அந்தச் சத்தம். அவ ரொட்டிக் கம்பெனிக்கு மாலை ஷிஃப்டு போனதும், பொண்ணு வர்றதுக்கு முன்னால, சுவருக்கு அந்தப் பக்கம் 'ஷ்ஷ்ஷ்... ஷ்ஷ்ஷ்'னு ஆரம்பிக்கும். சுத்திச் சுத்தி வரும். நான் பள்ளிக்கூட யூனிஃபார்முக்கு விளிம்பு மடிச்சுத் தைச்சுக்கிட்டிருப்பேன், மிஷினை நிறுத்திட்டுக் கேப்பேன். ஒரு நாள் அவ வாங்கிட்டுப் போன பட்டன் டப்பாவைத் திருப்பி வாங்குற சாக்குல எட்டிப் பாத்தேன். கதவு ஒருக்களிச்சுத்தான் இருந்துச்சு. மனுஷன் நடு நாற்காலியில கண்ணை இறுக்க மூடி உக்காந்திருக்கார். ஒவ்வொரு 'ஷ்ஷ்'ஷுக்கும் விரலை நீட்டுறார். நீட்டிட்டுக் கண்ணைத் திறந்து திரையில எந்தப் பெட்டி மின்னுதுன்னு பாக்குறார். தப்பு. மறுபடி மூடுறார். மறுபடி தப்பு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி உதட்டை வேற கடிச்சுக்கிட்டிருந்தார்.

அவருக்குத் தெரியாம மறைக்கிறதா அவ நினைக்கிறா. அவளுக்குத் தெரியாம மறைக்கிறதா இவர் நினைக்கிறார். நடுவுல நான் ரெண்டு பேர் விஷயமும் தெரிஞ்சும் தெரியாத மாதிரி. பட்டன் டப்பாவைக் கேக்காமலே திரும்பி வந்துட்டேன்.

ஈயம் ஒருதரம் வந்து மூடியைக் கழட்டி எதையோ சுட்டு ஒட்டினான். இன்னொரு தரம் வந்து ஒயரை மாத்தினான். ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம் பரவால்லப்பா"ன்னு இவர் சொல்லுவார். அவன் காசு வாங்கிக்காம, டீயைக் கூட முழுசாக் குடிக்காம ஓடிடுவான்.

மழை அடிச்சு ஊத்தின ஒரு நாள், அவளுக்கு வார லீவு, விளக்கு வைக்கிற நேரத்துல மாமனும் மச்சானும் சேர்ந்து வந்தாங்க. தம்பி ஒரே சிரிப்பு. கையில ஒரு சோத்து டப்பா. டப்பாவா அது? தோசைக்கல்லு மாதிரி தட்டையா நசுங்கிக் கிடந்துச்சு. சத்தம் கேட்டு நானும் போய் வாசல்ல நின்னேன்.

"அக்கா, இன்னைக்கு மாமா என்னை மேல அனுப்பப் பாத்தாரு! குடோன் தகரக் கூரையில மழை பேயாட்டம் அடிக்குது. நான் 'போதும் போதும்'னு கத்துறேன், மாமா பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்காரு. செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி நானும் கத்திக் கத்தி..." சிரிச்சுக்கிட்டே சொன்னான். "குதிச்சுட்டேன். மேடையோரம் வச்சிருந்த டப்பா மேல டயர் ஏறிடுச்சு. சோறு போச்சு, உசுரு இருக்கு!"

யாரும் சிரிக்கல. அவனுக்கு ஏன்னு தெரியல. எங்க எல்லாரையும் மாறி மாறிப் பாத்தான், சிரிப்பு மெல்ல வடிஞ்சுபோச்சு.

அவ அடுப்படியிலேருந்து தம்பிக்குக் கொண்டு வந்த டீ டம்ளரைக் கையில பிடிச்சபடியே நின்னா. டப்பாவைப் பாத்தா. டப்பா இருந்த இடத்துல அவன் கால் இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு அவ மனசுல ஓடுனது அப்படியே முகத்துல தெரிஞ்சுது.

லாரிக்காரர் ஈரச் சட்டையோட போய் நடு நாற்காலியில உக்காந்தார்.

"இந்தா, நான் கண்ணை மூடிக்கிறேன். நீ எங்கயாவது நின்னு என்னைக் கூப்பிடு."

"எதுக்குங்க இப்ப?"

"கூப்பிடுன்னா கூப்பிடேன். அந்தப் பெட்டிங்க சொல்றதை நான் நம்பல. நீ சொல்லு."

அவ நாற்காலியைச் சுத்திப் போய் இடது பக்கம் பின்னால நின்னா. டம்ளரை அங்க இருந்த பெட்டி மேல வச்சா. "என்னங்க"ன்னா. மெதுவாத்தான் கூப்பிட்டா.

அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். "இன்னொரு தரம்."

"என்னங்க."

கையை நீட்டினார். வலது பக்கம், எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்குற சுவரைப் பாத்து நீட்டினார். அங்க யாரும் இல்ல. முகத்துல லேசா ஒரு சிரிப்பு. "இங்கதான நிக்கிற?"

அவ ஒரு நிமிஷம் வாயைப் பொத்திக்கிட்டா. அப்புறம் மழை ஈரத்துக்குன்னு வீட்டுக்குள்ள போட்டிருந்த செருப்பைக் கழட்டிட்டு, வளையல் சத்தம் வராம ஒரு கையால இன்னொரு கையைப் பிடிச்சுக்கிட்டு, பூனை மாதிரி நடந்து போய் அவர் விரல் நீட்டின இடத்துல நின்னா. சரியா அந்த விரலுக்கு நேரா நின்னா. பொண்ணு கதவோரம் நின்னு அழ ஆரம்பிச்சுட்டா. நான் அவ தோளைப் பிடிச்சுக்கிட்டேன்.

"ஆமாங்க. இங்கதான் நிக்கிறேன்."

அவர் கண்ணைத் திறந்தார். அவளைப் பாத்தார், நிம்மதியா மூச்சு விட்டார். ஒரு நொடிதான். அப்புறம் மெல்லத் திரும்பிப் பாத்தார். இடது பக்கப் பெட்டி மேல டம்ளர் ஆவி பறக்க இருந்துச்சு, பக்கத்துல அவ கழட்டின செருப்பு.

"உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"ஈயம் ஒயரை மாத்தின அன்னைக்கே தெரியும். உங்களுக்கு?"

"போன் கேக்கலன்னதுமே தெரியும்."

அவர் இடுப்புலேருந்து லாரிச் சாவியை எடுத்து மச்சான்கிட்ட நீட்டினார். "நாளைக்குக் குடோன்ல குடுத்துடு. நான் வந்து சொல்லிக்கிறேன்." தம்பி சாவியை வாங்காம, "மாமா, அந்த டப்பா பழசு மாமா, எப்படியும் தூக்கித்தான் போட்டிருப்பேன்"னு சொல்லிச் சொல்லி அழுதான். எனக்கும் தாங்கல. நான் ஒண்ணும் கல்லு இல்லையே.

மறுநாள் காது டாக்டர்கிட்டப் போனாங்க. திரும்பி வந்தவ நேரா என் வீட்டுக்குத்தான் வந்தா. உள்ளே வரல, நிலைப்படியிலயே உக்காந்துட்டா.

"அது அடைப்பு இல்லையாம்கா. உள்ள நரம்பு. தலை சுத்தின அன்னைக்கே, அந்த வாரத்துக்குள்ளயாவது வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாமாம். கொஞ்சமாவது திரும்பி இருந்தாலும் இருக்குமாம். இத்தனை நாள் என்ன செஞ்சீங்கன்னு கேட்டாரு." மூக்கை உறிஞ்சினா. "நான் என்னக்கா சொல்லுவேன்? ஒயரு மாத்திக்கிட்டிருந்தோம்னு சொல்லவா?"

தும்பை விட்டுட்டு வாலைப் பிடிச்ச கதைன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். உப்பு ஒத்தடம் சொன்னவ நான்தானே. நானும் அவ பக்கத்துல உக்காந்தேன். "அந்த ஈயம் மட்டும் அன்னைக்கு உண்மையைச் சொல்லி இருந்தான்னா... வரட்டும் அவன், அவனை உண்டு இல்லன்னு ஆக்குறேனா இல்லையா பாரு"ன்னா. சொல்லிட்டு, "எனக்கும்தான வாய் இருந்துச்சு"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா.

இப்ப அவருக்குக் குடோன்லயே வேலை. உடைஞ்ச டைல்ஸைத் தனியாப் பொறுக்குறது, நல்லதை அடுக்கிக் கட்டுறது. வண்டி சத்தம் கேட்டா இன்னும் வேலையை விட்டுட்டு நிமிந்து பாக்குறாராம், எந்தப் பக்கம் வருதுன்னு தெரியாம சுத்திச் சுத்திப் பாக்குறாராம். தம்பிதான் சொன்னான். அவனுக்குப் புது டிரைவர் வந்திருக்கான். தெருவுல நடந்தா முன்னெல்லாம் அவ அவருக்கு இடது பக்கம் வருவா, இப்ப வலது பக்கம் வர்றா. பொண்ணு கம்ப்யூட்டர்ல எதையோ தேடிக் கண்டுபிடிச்சு, எல்லாச் சத்தத்தையும் ஒண்ணாச் சேத்து ஒரே பெட்டியில வர்ற மாதிரி வச்சுட்டா. அந்த ஒத்தப் பெட்டி அவருக்கு வலது பக்கம் நிக்குது. மத்த பெட்டியெல்லாம் மூலையில துணி போத்திக் கிடக்கு.

ஒரு ஞாயித்துக்கிழமை நான் அங்க இருக்கும்போது ஈயம் வந்தான். பாவி, இங்க நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. கையில சின்னதா ஒரு காகிதப் பொட்டலம். பல்லெல்லாம் தெரியச் சிரிச்சான். அந்தப் பொய்யை அவனே நம்ப ஆரம்பிச்சுட்டானோ, இல்ல எப்படியாவது அதை மெய்யாக்கணும்னு அலைஞ்சானோ, எனக்குத் தெரியல.

"அண்ணே, பார்ட் வந்துடுச்சுண்ணே! எங்கெங்கயோ சொல்லி வச்சு வாங்கினேன். இன்னைக்கு இடது பக்கம் பாடும் பாருங்க."

அவ அடுப்படியிலேருந்து கரண்டியோட விறுவிறுன்னு வந்தா. அவ முகத்தைப் பாத்ததும் சரி, இன்னைக்கு இவன் தீந்தான்னு நினைச்சேன். லாரிக்காரர் அவளைப் பாத்துக் கையை லேசா அமத்தினார், போதும்னு. அவ அந்த இடத்துலயே நின்னுட்டா.

அவர் ஈயத்தைத் தனக்கு வலது பக்கம் வரச் சொல்லி உக்கார வச்சார். பொட்டலத்தைப் பிரிக்காமலே திருப்பி அவன் சட்டைப் பையில போட்டார்.

"விடுப்பா. நீயும் எவ்வளவோ அலைஞ்சுட்ட. இது பழைய மாடல், இதுக்கெல்லாம் பார்ட் கிடைக்காது. உக்காரு, இன்னைக்காவது டீயை முழுசாக் குடிச்சுட்டுப் போ."